கட்டற்ற தமிழ் ஆவணங்களும் கோப்பு வடிவங்களும்: ஒரு வரலாறு

கட்டற்ற மென்பொருள்களுக்கான கையேடுகள், உதவிப் பக்கங்கள், இடைமுக மொழிபெயர்ப்புகள், யாரும் படியெடுத்துத் திருத்தி வெளியிடத்தக்க மின்னூல்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டற்ற ஆவணங்கள் எனலாம். இவற்றை எழுத முன்வரும் தன்னார்வலர் முதல் நாளிலேயே இரண்டு கேள்விகளைச் சந்திக்கிறார்: எந்தக் கருவியில் எழுதுவது? எந்த வடிவில் சேமிப்பது? ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இது பெரும்பாலும் வசதியைப் பற்றிய கேள்வி. தமிழில் எழுதியோருக்கு, குறிப்பாக 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும், எழுதியது பத்தாண்டு கழித்துப் படிக்கக் கிடைக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. பொருந்தாத வடிவில் சேமித்த பக்கங்களில் சில மறுபடியும் தட்டச்சு செய்யப்பட்டன. பல செய்யப்படவே இல்லை.

வெற்று உரை என்னும் வழக்கம்

நிரலோடு சேர்த்து ஆவணத்தையும் வெற்று உரைக் கோப்பாக வைத்திருக்கும் வழக்கம் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வளர்ந்தது. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் நிரலர் கையேட்டின் முதற்பதிப்பு, வடிவமைப்புக் கட்டளைகள் இடையிடையே கலந்த சாதாரண உரையாக எழுதப்பட்டு, ரோஃப் என்னும் நிரலால் பக்கமாக்கப்பட்டது. பின்னர் குனு திட்டம் டெக்ஸ்இன்ஃபோ வடிவத்தைக் கைக்கொண்டது. லினக்ஸ் ஆவணத் திட்டம் லினக்ஸ்டாக் வடிவத்தையும், அடுத்து 1991இல் தோன்றிய டாக்புக் வடிவத்தையும் பயன்படுத்தியது. வடிவங்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. கோப்பு என்பது எந்த உரைத்திருத்தியிலும் திறக்கக்கூடிய வரிகளின் தொகுப்பு. நேற்றைய படியையும் இன்றைய படியையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, யார் எதை மாற்றினார் என்று காணலாம். பலர் சேர்ந்து ஒரு நூலை எழுதுவதற்கு இந்த ஒப்பீடுதான் உயிர்நாடி. சொற்செயலியில் சேமித்த கோப்பில் இது எளிதல்ல. லிபர்ஆபிஸ் பயன்படுத்தும் ஓடிடி வடிவம் 2006இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட திறந்த வடிவம்தான். ஆனால் அது உள்ளே பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொட்டலம் என்பதால் வரி ஒப்பீட்டுக் கருவிகள் அதனுள் நேராக நுழைய முடிவதில்லை.

இந்த வேறுபாட்டை ஓர் உரிமமே சட்ட மொழியில் எழுதி வைத்தது. 2000 மார்ச்சில் வெளிவந்த குனு கட்டற்ற ஆவண உரிமம் ஆவணப் படிகளை ஒளிபுகு படி, ஒளிபுகாப் படி என இரண்டாகப் பிரிக்கிறது. பொதுவான உரைத்திருத்தியில் திறந்து திருத்தத்தக்கது முதல்வகை. வெற்று உரை, டெக்ஸ்இன்ஃபோ, லாடெக்ஸ், எளிய எச்டிஎம்எல் ஆகியவை அதற்கு எடுத்துக்காட்டுகள். பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் முதலியவை இரண்டாம் வகை. நூற்றுக்கு மேற்பட்ட ஒளிபுகாப் படிகளைப் பரப்புவோர், திருத்தத்தக்க படியையும் கிடைக்கச் செய்ய வேண்டும். கோப்பு வடிவம் பயனரின் உரிமையைச் சார்ந்தது என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஆவணம் அரிது. தமிழ் விக்கிப்பீடியாவும் 2009 வரை இந்த உரிமத்தின் கீழ்தான் இருந்தது. ஆனால் வெற்று உரை என்று அந்த உரிமம் குறிப்பிட்டது ஆஸ்கி உரையை. அதில் தமிழின் ஓர் எழுத்தைக்கூட எழுத முடியாது.

எழுத்துருவுக்குள் சிக்கிய தமிழ்

தமிழ் கணினிக்கு வந்தபோது எழுத்தைக் குறிக்கும் எண்களுக்குப் பொதுத் தரம் எதுவும் பரவலான பயன்பாட்டில் இல்லை. ஆகவே எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகள் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தனர். பாமினி எழுத்துரு இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அதில் ‘அம்மா’ என்று தட்டினால் கோப்பில் சேர்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள் மட்டுமே. பாமினி நிறுவப்பட்ட கணினியில் அது அம்மாவாகத் தெரியும். மற்ற கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. கோப்பைப் பொறுத்தவரை அதில் தமிழே இல்லை. தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்த முடியாது.

ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் அடுக்குமுறையை வைத்திருந்ததுதான் பெருஞ்சிக்கல். அச்சுத் தொழிலில் இது இன்னும் மோசமானது. நூலாசிரியர் கையெழுத்துப் படியைக் கொடுப்பார், தட்டச்சு செய்பவர் தம்மிடமிருந்த எழுத்துருவில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுவார், நூல் அச்சாகும். அடுத்த பதிப்புக்கு ஆசிரியர் கோப்பைக் கேட்கும்போது அதைத் திறக்கும் மென்பொருளோ எழுத்துருவோ இருப்பதில்லை. கணினியில் தட்டச்சான நூலை மீண்டும் அச்சுப்படியிலிருந்து தட்டச்சு செய்யும் விந்தை இப்படித்தான் வழக்கமாயிற்று.

மதுரைத் திட்டமும் திஸ்கியும்

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கி எவரும் இலவசமாகப் பெறும்படி வெளியிடும் தன்னார்வ முயற்சி. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் அதை ஒருங்கிணைத்தனர். கல்யாணசுந்தரம் அதற்கு முன்பே மயிலை என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கியவர். தொடக்கத்தில் மின்னுரைகள் மயிலை, இணைமதி போன்ற எழுத்துருக்களைச் சார்ந்தே வந்தன. நாடு விட்டு நாடு இருந்த தன்னார்வலர்களில் ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றொருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். இருவர் கணினியிலும் ஒரே எழுத்துரு இல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

இதற்குத் தீர்வாகப் பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழி விவாதித்து உருவாக்கியது திஸ்கி என்னும் குறியேற்றம். 256 இடங்களில் முதற்பாதியை ஆஸ்கிக்கு விட்டுவிட்டு, மறுபாதியில் தமிழ் வடிவங்களை அது அடுக்கியது. ஒரே கோப்பில் ஆங்கிலமும் தமிழும் இடம்பெற முடிந்தது. மென்பொருள் ஆவணம் எழுதுவோருக்கு இது சிறிய விஷயமல்ல. ‘இந்தக் கட்டளையைத் தட்டவும்’ என்று தமிழில் எழுதிவிட்டு, கட்டளையை ஆங்கிலத்தில் தரும்போது எழுத்துருவை மாற்ற வேண்டியதில்லை.

அதே காலத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசின் தரங்களாயின. விசைப்பலகை இன்றும் நிலைத்திருக்கிறது, குறியேற்றங்கள் நிலைக்கவில்லை. 1991இலேயே யூனிகோடு என்னும் ஒருங்குறித் தரத்தில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அப்படியிருக்க மதுரைத் திட்டம் 1999இல் திஸ்கியைத் தேர்ந்தது பிழையா என்று பிற்காலத்தில் கேட்டவர்கள் உண்டு. பிழையல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து. அன்றைய விண்டோஸ் 98 கணினிகளில் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காகத் தெரியவில்லை. விண்டோஸ் 2000தான் லதா எழுத்துருவோடு அதற்கு வழிசெய்தது. கோப்பின் அளவும் ஒரு காரணம். ‘தமிழ்’ என்னும் சொல்லுக்குத் திஸ்கியில் 4 பைட்டு போதும். ஒருங்குறியை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டு வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த நாளில் அது கணக்கில் கொள்ள வேண்டிய வேறுபாடு.

முக்கியமான வேறொன்று உண்டு. திஸ்கியின் அட்டவணை எவரும் காணும்படி வெளியிடப்பட்டிருந்தது. ஹான்ஸ் பீட்டர் பீக்கர், 2000ஆம் ஆண்டளவில் கியூட்டி என்னும் நிரலகத்திற்காகத் திஸ்கி மாற்றியை எழுதியபோது இணையத்தில் கிடைத்த அந்த அட்டவணையைத்தான் பயன்படுத்தினார். கேடிஇ பணிமேடை அந்த நிரலகத்தின் மேல் கட்டப்பட்டது. 2002இல் புரூனோ ஹைபிள் குனு சி நிரலகத்திற்கும் ஒரு திஸ்கி மாற்றியை எழுதிச் சேர்த்தார். தமிழரல்லாத இருவர் தமிழ்க் குறியேற்றத்துக்கு நிரல் எழுத முடிந்ததற்குக் காரணம் அட்டவணை பூட்டி வைக்கப்படாததுதான். லினக்ஸ் கணினியில் ஐகன்வ் என்னும் சிறு கட்டளை கொண்டு பழைய திஸ்கிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்ற வழி பிறந்தது இப்படித்தான்.

மாற்றம் வெறும் எண் மாற்றமும் அல்ல. திஸ்கி எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது. ‘கொ’ என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், பின் கால். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். ஒகர உயிர்க்குறி அதன்பின் வரும். மாற்றி இவ்வரிசையைத் திருப்பியமைக்க வேண்டும். அதைச் செய்யும் விதி தெரிந்திருந்ததால் மதுரைத் திட்டத்தின் திஸ்கி மின்னுரைகள் 2000களில் மறுதட்டச்சு இல்லாமலே ஒருங்குறிக்குப் பெயர்ந்தன. பாமினி போன்ற எழுத்துருக்களுக்கும் பின்னாளில் மாற்றிகள் வந்தன. அவற்றில் சுரதாவின் பொங்குதமிழ் பரவலாகப் பயன்பட்டது. ஆனால் எந்த எழுத்துருவில் தட்டியது என்பதே தெரியாத கோப்புக்கு எந்த மாற்றியும் உதவாது.

மொழிபெயர்ப்புக் கோப்புகள்

மென்பொருளைத் தமிழாக்கியவர்கள் கையாண்டது பீஓ வடிவம். குனு கெட்டெக்ஸ்ட் முறையைச் சேர்ந்த இக்கோப்பில் மூலச்சொல் ஒரு வரியிலும் தமிழ் அதன் கீழ்வரியிலும் இருக்கும். ‘ஃபைல்’ என்பதன் கீழே ‘கோப்பு’. கோப்பின் தலைப்பகுதியில் எந்தக் குறியேற்றம் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். முன்பு திஸ்கியும் புழங்கிய அவ்விடத்தில் இன்று யூடிஎஃப்-8 என்றே இருக்கும். இந்த ஒரு வரி தவறினால் பல நாள் மொழிபெயர்ப்பு திரையில் கட்டங்களாகத் தெரியும்.

புதியவர்கள் செய்யும் ஒரு தவறு அன்றுமுதல் மாறவே இல்லை. பீஓ கோப்பைச் சொற்செயலியில் திறந்து திருத்துவதுதான் அது. சொற்செயலி நேரான மேற்கோள்குறிகளை அழகான வளைந்த குறிகளாக மாற்றிவிடும். பீஓ வடிவத்துக்கு நேரான குறி மட்டுமே புரியும் என்பதால் முழுக் கோப்பும் செல்லாததாகிவிடும். இதற்கெனவே போஎடிட், கேடிஇயின் கேபேபல், அதன்பின் வந்த லோக்கலைஸ் போன்ற கருவிகள் உள்ளன.

லினக்ஸில் தமிழை அமைப்பது எப்படி என்று விளக்கும் ஒரு வழிகாட்டி லினக்ஸ் ஆவணத் திட்டத்திலேயே உண்டு. எழுத்துருக்களை நிறுவுவதும் விசைப்பலகை அமைப்பதும் அதில் விளக்கப்பட்டன. அந்த வழிகாட்டி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழ் தெரியாத கணினியில் தமிழை வரவழைக்கும் வழியைத் தமிழில் எழுதி வைத்தால் படிப்பது எப்படி?

விக்கியும் ஒருங்குறியும்

2003 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா கருவி பற்றிய கேள்வியை ஒரே அடியில் சுருக்கியது. உலாவிக்குள் ஒரு பெட்டி. அதில் தட்டிச் சேமித்தால் போதும். குறியேற்றம் ஒருங்குறி மட்டுமே, வேறு தேர்வு இல்லை. இடைமுகத்தைத் தமிழாக்குவதில் முன்னின்ற இ. மயூரநாதனும் அவரைத் தொடர்ந்து வந்தவர்களும் எந்த எழுத்துரு என்று விவாதிக்க வேண்டிய தேவை எழவில்லை. தட்டச்சுக்கு முகுந்தின் எ-கலப்பையும் பின்னர் என்எச்எம் ரைட்டரும் உதவின. தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் போதாது, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்ற வாதம் தொழில்நுட்பர் நடுவே நெடுநாள் நீடித்தது. அதன் விளைவான டேஸ்16 குறியேற்றத்தையும் ஒருங்குறியையும் சேர்த்தே 2010 ஜூனில் தமிழக அரசு ஏற்றது. விக்கியில் எழுதியவர்கள் அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்கவில்லை. 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

ஒழுங்கான வடிவில் தரவு இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் இங்கே சான்று உண்டு. தமிழ்நாட்டு ஊராட்சிகளைப் பற்றிய ஆயிரக்கணக்கான கட்டுரைகள் நீச்சல்காரன் எழுதிய தானியங்கி நிரலால் உருவாயின. அட்டவணையில் ஒரு வரிசை ஓர் ஊர்; வார்ப்புருவில் அந்த வரிசையைப் பொருத்தினால் ஒரு கட்டுரை. இவை வறண்ட கட்டுரைகள் என்ற குறை நியாயமானதே. ஆனால் சிமெண்ட் ஆலையால் வெளியே அறியப்படும் அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் போன்ற ஊரைச் சேர்ந்த ஒருவர், தம் வட்டாரத்து ஊராட்சிப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து பிழை கண்டால், எந்த மென்பொருளும் நிறுவாமல் அங்கேயே திருத்தலாம். அதே தகவல் பிடிஎஃப் அறிக்கையாக இருந்திருந்தால் அவர் வாசகராக மட்டுமே இருந்திருப்பார்.

குறியீடுகளும் வேற்றுமை உருபும்

2000களில் டாக்புக்கின் கனத்தைக் குறைக்க எளிய குறியீட்டு மொழிகள் வந்தன. 2002இல் ஆஸ்கிடாக், ஏறத்தாழ அதே காலத்தில் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட், 2004இல் ஜான் குரூபரின் மார்க்டவுன். லினக்ஸ் கருநிரலின் ஆவணங்கள் 2016இல் டாக்புக்கிலிருந்து ஸ்பிங்ஸ் கருவிக்கும், ஃப்ரீபிஎஸ்டி ஆவணங்கள் 2021இல் டாக்புக்கிலிருந்து ஆஸ்கிடாக்குக்கும் மாறின. இன்று கட்டற்ற மென்பொருள் ஆவணத்துக்குப் பங்களிக்க விரும்பும் மாணவர் பெரும்பாலும் மார்க்டவுன் கோப்பைத்தான் முதலில் பார்ப்பார்.

இவை ஆங்கிலச் சொல்லை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆங்கிலத்தில் சொல்லின் இருபுறமும் இடைவெளி இருக்கும். தமிழில் உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘கோப்பு’ என்பதைச் சாய்வெழுத்தாக்க இருபுறமும் அடிக்கோடு இட்டு, உடனே ‘இல்’ என்று தொடர்ந்தால், காமன்மார்க் விதிப்படி சாய்வு விழாது; அடிக்கோடுகள் அப்படியே திரையில் நிற்கும். நட்சத்திரக்குறி இட்டால் விழும். ஆனால் அதற்குள்ளே மேற்கோள்குறியும் இருந்து, வெளியே உருபு ஒட்டினால் அதுவும் தோற்கும். ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் இன்னும் கண்டிப்பானது. குறியீட்டின் பின் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தே ஆகவேண்டும். உருபை ஒட்ட, இடையில் ஒரு பின்சாய்வுக் கோடும் இடைவெளியும் இட வேண்டும். ஆகவே தமிழில் மார்க்டவுன் எழுதுவோர் அடிக்கோட்டை மறந்து நட்சத்திரத்தையே பழகுவது நல்லது.

மீடியாவிக்கி இந்த இடத்தில் தமிழுக்கு இணங்கி வந்தது. சென்னை என்பதை இரட்டைப் பகர அடைப்புக்குள் இணைப்பாக்கி, வெளியே ‘யில்’ என்று ஒட்டினால், ‘சென்னையில்’ என்ற முழுச்சொல்லும் இணைப்பாகும். தமிழ் எழுத்துகள் இணைப்பின் வாலாக வரலாம் என்று அம்மென்பொருளின் தமிழ்க் கோப்பில் ஒரு வரி எழுதப்பட்டிருப்பதே காரணம். ஒரு வரிதான், ஆனால் ஒவ்வொரு கட்டுரையிலும் பத்து முறை உதவுகிறது.

பிடிஎஃப் கேட்ட விலை

2012 ஜனவரியில் த. சீனிவாசன் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கும் கட்டுரைகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ போன்ற நூல்கள் அக்கட்டுரைகளிலிருந்து உருவானவை. கட்டுரைகள் வலைப்பக்கமாகவும் இருந்தன, பிடிஎஃப் தொகுப்பாகவும் இருந்தன. அடுத்த ஆண்டு தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ் ஒரே நூலை இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் எனப் பல வடிவங்களில் தந்தது. வாசகரிடம் என்ன கருவி இருக்கும் என்று தெரியாத நிலையில் அது சரியான முடிவு. ஆனால் இவை எல்லாம் விளைவுகள். மூலம் திருத்தத்தக்க உரையாக எங்கோ இருந்தால்தான் அடுத்த பதிப்பு வரும்.

பிடிஎஃபிலிருந்து தமிழை வெளியே எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்த வடிவம் எழுத்துகளின் படங்களைத் தாளில் எங்கே வைப்பது என்பதையே முதன்மையாகக் குறித்து வைக்கிறது. நகலெடுத்து ஒட்டும்போது பல சமயம் கொம்பு முன்னே தனியாக நிற்கும், ககரம் பின்னே வரும், கால் எங்கோ போகும்.

இருந்தும் பிடிஎஃபைத் தேர்ந்தவர்களைக் குறை சொல்ல முடியாத சூழலும் உண்டு. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பெரும்பாலும் படம் பிடித்து பிடிஎஃபாகவே சேமித்தது. தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்க்கக் காத்திருந்தால், ஒரே படி மிஞ்சியிருக்கும் இதழ் அதற்குள் செல்லரித்துப் போகும். அங்கே முதலில் காக்க வேண்டியது தாள். உரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படங்களைப் பட்டியலிட்டு வைத்த இடமாக அவர்களும் மீடியாவிக்கியையே வைத்துக்கொண்டனர்.

அந்தப் ‘பிறகு’ தமிழ் விக்கிமூலத்தில் நடந்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்களின் பக்கப் படங்களை உரையாக மாற்ற, கூகுளின் எழுத்துணரியை விக்கிமூலத்தோடு இணைக்கும் நிரலைச் சீனிவாசன் பைத்தானில் எழுதினார். எழுத்துணரி தரும் உரையை ஒருவர் மெய்ப்புப் பார்க்கிறார், மற்றொருவர் சரிபார்க்கிறார். மதுரைத் திட்டத்தில் இருந்த அதே இருவர் முறை.

மெய்ப்பில் கண்ணுக்குச் சிக்காத பிழைகளே தொல்லை தருகின்றன. ‘ஔ’ என்பது ஒருங்குறியில் ஒரே எழுத்து. ஆனால் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டாலும் திரையில் ஏறக்குறைய அதேபோல் தெரியும். ஔவையாரை அப்படித் தட்டிவிட்டால் தேடலில் அகப்படமாட்டார். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம், பார்வைக்கு வேறுபாடே இல்லை. இவற்றைத் தேடிப் பிடித்து ஒரே வடிவாக்க நிரல்கள் உள்ளன. அவை வெற்று உரையில் ஒரு நொடியில் ஓடுகின்றன. படமாக மட்டும் இருக்கும் பக்கங்களில் இன்னும் ஒருவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.